அகராதிச் செம்மல் சாமுவேல் ஜோன்சன்



தமிழ்ப் பாடசாலை ஒன்றின் ஆண்டு விழா மலரில் ஆங்கிலேயர் ஒருவரின் வரலாற்றுக்கு என்ன வேலை என்று தாங்கள் வினவக்கூடும். அதற்கு விடையாக எமது சொந்த அனுபவம் ஒன்றை முதலிற் கூறிவிடுகின்றோம்.

இந்நாட்டுக்கு நாம் வந்து சேர்ந்த முதற் குளிர்காலத்தில், காய்ச்சலால் துவண்ட எமது மகனைத் தோளிற் சுமந்துகொண்டு வைத்தியர் ஒருவரிடம் சென்றோம். அவர் பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, அவன் 'த்ரோ அப்' செய்கின்றானா என்று கேட்டார். 'த்ரோ' என்றால் எறிதல், 'அப்' என்றால் மேலே என்பது எமக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். எமது பிள்ளை பொருள்களை மேலே தூக்கி எறிகின்ற குழப்படிக்காரன் அல்லன், மிகவும் அடக்கமானவன் என்று சற்றுப் பெருமையோடே விடை பகர்ந்தோம். வைத்தியர் எம்மை ஒருமுறை உற்று நோக்கிவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மருந்து எழுதித் தந்தார். முதல் நாளிலிருந்தே பிள்ளை உண்டதையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவர் கேட்டது அதைத்தான் என்பது, மறுநாள் உடலில் நீர் வற்றிய நிலையில் அவனை மருத்துவமனையிற் சேர்த்தபோது, தாதி ஒருவர் வாயருகே கையை வைத்துச் சைகை காட்டிக் கேட்ட பின்னரே எமக்கு விளங்கியது.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். இன்று கடைகளிலும் அலுவலகங்களிலும் எமக்கு முன்னே நின்று அவனே பேசிவிடுகின்றான். எமது ஆங்கிலம் பிறர் காதில் விழுவதை அவன் அவ்வளவாக விரும்புவதில்லை.

ஊரில் நாம் கற்ற ஆங்கிலம் குறைவானதன்று. ஆங்கிலச் செய்தித்தாளை அகராதியின் துணையின்றிப் படித்தோம். 'போஸ்ட்போன்' என்றால் ஒத்திவைத்தல், 'எக்ஸ்டிங்குவிஷ்' என்றால் அணைத்தல், 'டொலரேட்' என்றால் சகித்தல் என்று மனனம் செய்திருந்தோம். இங்கு வந்து பார்த்தால் சாதாரண மக்கள் எவரும் இப்பெருஞ் சொற்களைப் பேசக் காணோம். ஒத்திவைப்பது 'புட் ஒஃப்', அணைப்பது 'புட் அவுட்', சகித்துக்கொள்வது 'புட் அப் வித்'. எல்லாவற்றுக்கும் ஒரே 'புட்'தான். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு சொல்லே பொருளைத் தலைகீழாகப் புரட்டிவிடுகின்றது. வேலைத்தலத்திற் கூட்டம் ஒன்று 'கோல்ட் ஒஃப்' என்று அறிவித்தபோது, 'கோல்' என்றால் அழைத்தல்தானே என்று எண்ணி, நல்ல உடை உடுத்துச் சென்று பூட்டிய கதவின் முன் நின்றவர்களுள் நாமும் ஒருவர்.

இத்தகைய தொடர்களை ஆங்கில ஆசிரியர்கள் இக்காலத்தில் 'ஃபிரேசல் வேர்ப்' என்று அழைக்கின்றனர். தமிழிற் கூட்டுவினை என்று கூறி மேலே செல்வோம். அந்த ஆங்கிலப் பெயர் அண்மைக் காலத்தது. அமெரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த லோகன் பியர்சல் ஸ்மித் என்பார் 1925 ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் ஒன்றில் அதனைப் பயன்படுத்தினார். ஒக்ஸ்போர்ட் அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்கு எடுத்துக் கொடுத்த பெயர் அது என்றும் அவர் குறித்துள்ளார். ஆயினும் பெயர் தோன்றுவதற்கு 170 ஆண்டுகளுக்கு முன்னரே, இவ்வினைகள் அயல்நாட்டாருக்கு எத்துணைத் துன்பம் தருவன என்பதை உணர்ந்து, அவற்றைத் தேடித் தொகுத்துத் தம் அகராதியில் இடம் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவரே சாமுவேல் ஜோன்சன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லிச்ஃபீல்ட் என்னும் சிறு நகரில் 1709 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 18 ஆம் திகதி ஜோன்சன் பிறந்தார். தந்தையார் மைக்கேல் ஜோன்சன் ஒரு புத்தக வணிகர். வீட்டின் கீழ்த்தளத்திற் கடை, மேலே குடியிருப்பு. தந்தையார் படிப்பாளி, ஆனால் பணம் சேர்க்கத் தெரியாதவர். கடையிற் புத்தகங்கள் நிறைந்திருந்தன, பெட்டியிற் காசு குறைந்திருந்தது.

குழந்தையின் நிலையோ பரிதாபம். கழுத்துக் கழலை நோய் பற்றி, ஒரு கண் ஏறத்தாழ ஒளி இழந்தது. மற்றக் கண்ணும் மங்கல். முகத்தில் வடுக்கள் ஆயுள் முழுவதும் மறையவில்லை. அரசரோ அரசியோ தொட்டால் அந்நோய் தீரும் என்ற நம்பிக்கை அந்நாளில் இருந்தது. ஆகவே 1712 இல் தாயார் குழந்தையை இலண்டனுக்குக் கொண்டுசென்று ஆன் அரசியின் கையால் தொடச் செய்தார். நோய் தீரவில்லை, அரசி அணிவித்த சிறு பொற்பதக்கத்தை மட்டும் ஜோன்சன் வாழ்நாள் முழுவதும் அணிந்திருந்தார். இவை போதாவென்று, முகமும் கைகளும் தம்மை அறியாமலே துடித்தும் ஆடியும் வினோதமாக அசையும் குறை ஒன்றும் அவருக்கு இருந்தது. அது நரம்பு சார்ந்த ஒரு நோய் என்று இக்கால வைத்தியர் பலர் கருதுகின்றனர். அக்காலத்தாரோ அதனைக் கண்டு நகைத்தனர்.

அவருக்கு அமைந்த பெருஞ்செல்வம் ஞாபகசக்தி. கடையில் இருந்த நூல்களை ஒழுங்கு முறையின்றி, கைக்கு அகப்பட்டபடியெல்லாம் வாசித்தார். பின்னாளில் ஓர் அகராதியைத் தனியொருவராக எழுதும் துணிவு அவருக்கு வந்தது இந்த ஒழுங்கற்ற வாசிப்பினாலேயே என்பது எமது எண்ணம். பாடத்திட்டத்துக்கு அப்பால் ஒரு பக்கமும் வாசிக்க மறுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதனைச் சற்றுக் கவனிப்பார்களாக.

தந்தையார் சந்தை நாள்களில் அயலூர்களுக்குச் சென்று கடை விரிப்பது வழக்கம். லிச்ஃபீல்டுக்கு வடக்கே உள்ள யூட்டொக்சிட்டர் என்னும் ஊர்ச் சந்தையிலும் அவருக்கு ஓர் இடம் இருந்தது. ஒருநாள் அங்கு தம்முடன் வருமாறு மகனைக் கேட்டார். சந்தையில் நின்று புத்தகம் விற்பது தமக்கு இழிவென்று எண்ணிய இளைஞர் ஜோன்சன் மறுத்துவிட்டார். தந்தையார் தனியே சென்றார். அந்த ஒரு மறுப்பைப் பற்றிப் பின்னர் மீண்டும் கூறுவோம்.

1728 இல் ஒக்ஸ்போர்டின் பெம்புரோக் கல்லூரியிற் சேர்ந்தார். பாதணி கிழிந்து கால்விரல் வெளியே தெரியுமாறு நடந்து திரிந்தார். அதனைக் கண்டு இரங்கிய எவரோ ஒருவர் புதிய பாதணிச் சோடி ஒன்றை அவருடைய அறை வாயிலில் வைத்துச் சென்றார். ஜோன்சன் கடுஞ்சினத்தோடு அதனைத் தூக்கி வீசிவிட்டார். வறுமையிலும் அத்தகைய தன்மானம்! பணம் இன்மையால், சேர்ந்து பதின்மூன்று மாதங்களில், பட்டம் பெறாமலே வீடு திரும்பினார். 1731 இல் தந்தையார் கடனோடு காலமானார்.

பட்டம் இல்லாதவருக்கு நிலையான ஆசிரியர் தொழில் கிட்டவில்லை. அவருடைய முகத் துடிப்பை மாணவர்கள் பார்த்துப் பழகிவிடுவர் என்று அஞ்சியும் அவருக்குப் பணி மறுக்கப்பட்டது. 1735 இல் தம்மினும் இருபது வயது மூத்த கைம்பெண் எலிசபெத் போர்ட்டரை மணந்து, அவ்வம்மையார் கொணர்ந்த பணத்தைக்கொண்டு எடியல் என்னும் இடத்தில் ஒரு பள்ளி தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரே சேர்ந்தனர். பள்ளி மூடப்பட்டது. அம்மாணவருள் ஒருவரான டேவிட் கேரிக்கும் ஆசிரியரும் 1737 இல் ஒன்றாகவே இலண்டனை நோக்கிப் புறப்பட்டனர். மாணவர் சில ஆண்டுகளில் நாடு போற்றும் நடிகரானார். ஆசிரியரோ சஞ்சிகை ஒன்றுக்குக் கூலிக்கு எழுதி, பல இரவுகளைப் பட்டினியோடு கழித்தார்.

இவ்வாறு ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1746 ஆம் ஆண்டு யூன் மாதம் இலண்டன் புத்தக வெளியீட்டாளர் சிலர் கூடி, ஆங்கில மொழிக்குச் சிறந்ததோர் அகராதி எழுதித் தருமாறு ஜோன்சனுடன் ஒப்பந்தம் செய்தனர். கூலி 1,500 கினி, அதாவது 1,575 பவுண். உதவியாளர் சம்பளமும் கடதாசிச் செலவும் இதிலேயே அடங்கும். மூன்று ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்றார் ஜோன்சன். பிரெஞ்சு அறிஞர் கழகத்தின் நாற்பது பேர் நாற்பது ஆண்டு பாடுபட்டுச் செய்த வேலை ஆயிற்றே என்று நண்பர் ஒருவர் வியந்தபோது, நாற்பதை நாற்பதாற் பெருக்கினால் 1,600. ஆகவே ஓர் ஆங்கிலேயனுக்கும் ஒரு பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ள விகிதம் அதுவே என்று கணக்குக் காட்டினார். கணக்குப் பிழைத்தது. ஒன்பது ஆண்டுகள் சென்றன.

இலண்டன் ஃபிளீட் வீதிக்குப் பின்புறம், ஒடுங்கிய சந்துகளினூடே சென்றால் கோஃப் சதுக்கம் என்னும் சிறு முற்றம் வரும். அங்கே 17 ஆம் இலக்க வீடு இன்று அவருடைய நினைவில்லமாகப் பேணப்படுகின்றது. அவ்வீட்டின் கூரைக்குக் கீழே உள்ள நீண்ட மேல்மாடத்திலேதான் அகராதி உருவாகியது. ஆறு உதவியாளர் அமர்ந்து எழுதினர். ஸ்கொட்லாந்துக்காரரை எப்போதும் கேலி செய்துகொண்டிருந்த ஜோன்சனின் அந்த ஆறு பேரில் ஐவர் ஸ்கொட்லாந்துக்காரர் என்பது சுவையான செய்தி.

வேலை நடந்த முறை இதுதான். ஜோன்சன் நல்ல ஆசிரியர்களின் நூல்களை வாசிப்பார். பொருள் தெளிவாக விளங்கும் வாக்கியம் ஒன்றைக் கண்டதும் குறித்த சொல்லின் கீழே பென்சிலாற் கோடிட்டு, அச்சொல்லின் முதலெழுத்தை ஓரத்தில் எழுதுவார். உதவியாளர் அவ்வாக்கியத்தைப் பெயர்த்தெழுதி அகரவரிசையிற் சேர்ப்பர். இரவல் வாங்கிய நூல்களும் இக்கோடுகளோடே உரியவரிடம் திரும்பின. சிலர் தம் நூலைத் திரும்ப வாங்கவே கூசினர். இதன் பயனாகச் சொல்லின் பொருளை ஜோன்சன் தம் ஊகத்தாற் கூறாமல், ஆன்றோர் வழக்கைக்கொண்டே நிறுவ முடிந்தது.

முதலில் அவர் குறிப்பேடுகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் இவ்வளவு இடம் என்று அளந்து விட்டு எழுதத் தொடங்கினார். சில ஆண்டுகள் உழைத்த பின்னர் அம்முறை இடிந்து விழுந்தது. வாக்கியங்கள் வந்து குவியக் குவிய, ஒதுக்கிய இடம் போதாமற் போயிற்று. பெரும்பாலானதைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க நேர்ந்தது.

அவரை அலைக்கழித்தவை அரிய, நீண்ட சொற்கள் அல்ல. அரிய சொல்லுக்கு ஒரு பொருள்தான். ஒரு வரியில் முடிந்துவிடும். தொல்லை தந்தவை 'கம்', 'கெட்', 'கிவ்', 'கோ', 'புட்', 'செட்', 'டேக்', 'டேர்ன்', 'த்ரோ' போன்ற, பாலர் வகுப்புப் பிள்ளையும் அறிந்த குட்டிச் சொற்களே. இவற்றைத் தம் முன்னுரையில் வரிசையாக எடுத்துக் கூறி, இவற்றின் பொருள் கட்டுக்கடங்காது பரந்து கிடப்பதால் தம் உழைப்பு பன்மடங்காகியது என்று முறையிட்டிருக்கின்றார். 'டேக்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 134 பொருள்களை எண்ணிட்டுப் பிரித்தார். ஐந்து பக்கம்! அதற்கு முன் வந்த ஆங்கில அகராதிகள் பெரும்பாலும் கடுஞ்சொற்களுக்கே பொருள் கூறின. இக்குட்டிச் சொற்களை இவ்வளவு ஆழமாக ஆராயவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று எண்ணினர் போலும்.

இங்கேதான் ஜோன்சன் எமக்கு நெருக்கமானவர் ஆகின்றார். ஆங்கிலத்தில் வினையின் பின்னே ஒரு சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் வழக்கம், வேறெந்த மொழியிலும் காணப்படாத அளவுக்கு மிகுந்திருக்கக்கூடும் என்றும், அயல்நாட்டார் இம்மொழியைக் கற்கையில் எதிர்கொள்ளும் மிகப் பெரிய இடர் இதுவே என்றும் அவர் அம்முன்னுரையில் ஒப்புக்கொண்டார். தாய்மொழியாகப் பேசுவோருக்கு இந்த இடர் கண்ணுக்கே தெரியாது. எமது வைத்தியருக்குத் தெரியவில்லை அல்லவா? தம் மொழியைப் பிறன் ஒருவனின் காதால் கேட்டுப் பார்க்கும் ஆற்றல் ஜோன்சனிடம் இருந்தது.

கேட்டதோடு நிற்கவில்லை. 'ஃபோல்' என்றால் விழுதல். ஆனால் 'ஃபோல் ஒன்' என்றால் தாக்குதல், 'ஃபோல் ஒஃப்' என்றால் கொண்ட நெறியைக் கைவிடுதல், 'ஃபோல் இன்' என்றால் இணங்கிப் போதல். 'பிரேக்' என்றால் உடைத்தல். 'பிரேக் ஒஃப்' என்றாற் சட்டென நிறுத்துதல். 'பெயர்' என்றாற் சுமத்தல். 'பெயர் அவுட்' என்றால் ஒரு கூற்றை மெய்யென நிலைநாட்டுதல். இவற்றை எடுத்துக்காட்டி, இத்தகையனவற்றைத் தம் அகராதியில் மிகுந்த கவனத்தோடு பதிவு செய்திருப்பதாகவும், தொகுப்பு முழுமையானது என்று தாம் பெருமை கொள்ளவில்லை என்றும், விடுபட்டவற்றை உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பொருள் கண்டுகொள்ளலாம் என்றும் கூறுகின்றார்.

எமது மானத்தை வாங்கிய 'த்ரோ அப்' அங்கே இருக்கின்றது. சினத்தோடு ஒன்றைத் துறத்தல் என்பது ஒரு பொருள். உள்ளிருப்பதை வெளியே தள்ளுதல், கக்குதல் என்பது மற்றொன்று. இரண்டும் வேறு வேறாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஊரிலே எமக்குக் கிடைத்த இலக்கண நூல்களில் இது இல்லாமற் போனதே என்று நாம் வருந்தியதுண்டு. இன்னொன்றையும் இங்கே கவனிக்கலாம். 'டேக் ஒஃப்' என்பதற்கு அவர் முன்னுரையிற் காட்டும் பொருள், ஒருவரைப் பார்த்து அவர் போலச் செய்தல் என்பது. அப்பொருள் இன்றும் உண்டு. ஆனால் எமது பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது விமானம் மேலெழுவதே. அந்நாளில் விமானம் ஏது? 'செட் ஒஃப்' அவருக்கு அழகுபடுத்துதல். எமக்குப் பயணம் புறப்படுதல். வினையும் மாறவில்லை, சிறுசொல்லும் மாறவில்லை. இரண்டும் சேர்ந்து புதுப் பொருள் ஈன்றுகொண்டே இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜோன்சனின் சொந்த நடை இலத்தீன் சொற்கள் மலிந்த, கனத்த நடை என்று பெயர் பெற்றது. 'புட் அப் வித்' என்று பேசும் சாதாரண மனிதரைவிட 'டொலரேட்' என்று எழுதிய எம்மைப் போன்றோர் பக்கமே அவர் நின்றிருப்பார். அத்தகையவர், தம் நடைக்கு அதிகம் பயன்படாத சிறுசொற்களுக்கு இத்துணை உழைத்திருக்கின்றார்.

மாணவச் செல்வங்கள் இப்போது பெற்றோரைப் பார்த்து முறுவலிக்க வேண்டா! சென்ற ஆண்டு எமது வகுப்பில், புதிய சொற்களை எழுதிப் பாருங்கள் என்று கூறியதும், பிள்ளைகள் சிலர் எழுதி முடித்துவிட்டுக் கொப்பியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தனர். 'பார்' என்றாற் காண்பதுதானே என்பது அவர்கள் வாதம். 'உண்டு பார்', 'கேட்டுப் பார்' என்பவற்றிற் கண்ணுக்கு வேலை இல்லை. செய்தான், செய்துவிட்டான், செய்துகொண்டான், செய்து பார்த்தான், செய்து கொடுத்தான் என்று எமது மொழியும் துணைவினைகளைச் சேர்த்துப் பொருளைத் திருப்புகின்றது. ஆங்கிலம் பின்னே சிறுசொல்லை ஒட்டுகின்றது. தமிழ் பின்னே இன்னொரு வினையை ஒட்டுகின்றது. இந்தக் காட்டுக்குள் வெளியிலிருந்து வந்து நுழைந்தோரும் உளர். இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர், ஜோன்சன் மாணவராய் ஒக்ஸ்போர்டை விட்டு வெளியேறி மூன்று ஆண்டு கடந்த 1732 இல், தமிழிற் சதுரகராதியை இயற்றினார். ஜேர்மனியரான பப்ரிசியசின் தமிழ் ஆங்கில அகராதி 1779 இற் சென்னை வேப்பேரியில் அச்சாகியபோது ஜோன்சன் உயிரோடிருந்தார். ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே காலத்தில் உழைத்தவர்கள்.

அகராதி வேலை நடுவழியில் நின்றபோது, 1752 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவருடைய மனைவியார் காலமானார். ஜோன்சன் நிலைகுலைந்தார். வேலையோ நிற்கக்கூடாது, வெளியீட்டாளர் நெருக்கினர். தொடக்கத்தில், 1747 இல், அகராதித் திட்டத்தைச் செஸ்டர்ஃபீல்ட் பிரபுவுக்கு உரித்தாக்கி வெளியிட்டிருந்தார். பிரபு பத்துப் பவுண் கொடுத்ததோடு மறந்துவிட்டார். நூல் வெளிவரப் போகின்றது என்று அறிந்ததும் அதனைப் புகழ்ந்து இரண்டு கட்டுரைகள் எழுதினார். வேண்டிய காலத்தில் வராத உதவி, வேண்டாத காலத்தில் வருவதால் யாருக்கு நன்மை என்று கேட்டு 1755 பெப்ரவரியில் ஜோன்சன் அவருக்கு எழுதிய கடிதம் ஆங்கில இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டது. கிழிந்த பாதணியோடு நின்றவர் புதுப் பாதணியை வீசிய அதே கைதான் இதையும் எழுதியது.

1755 ஏப்ரல் 15 ஆம் திகதி அகராதி இரு பெருந் தொகுதிகளாக வெளிவந்தது. 42,773 தலைச்சொற்கள், ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்கள். விலை 4 பவுண் 10 ஷில்லிங். பட்டம் பெறாமல் வெளியேறியவருக்கு, நூல் வெளிவருவதற்குச் சற்று முன்னர் ஒக்ஸ்போர்ட் முதுமாணிப் பட்டம் வழங்கி அணைத்துக்கொண்டது.

பிழைகளும் இருந்தன. குதிரையின் குளம்புக்கு மேலுள்ள பகுதியைக் குறிக்கும் சொல் ஒன்றுக்கு அவர் முழங்கால் என்று பொருள் எழுதிவிட்டார். ஏன் அவ்வாறு எழுதினீர் என்று பெண்மணி ஒருவர் கேட்டபோது, சுற்றி வளைக்காமல், அறியாமையால் எழுதினேன் என்று கூறிவிட்டார். 'எக்ஸ்' என்னும் எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொல் இல்லவே இல்லை என்றும் அவருடைய அகராதி கூறும். வகுப்பிற் பிழை விட்டால் ஆயிரம் சாட்டுச் சொல்லும் பிள்ளைகளும், அவர்களினும் அதிகமாகச் சாட்டுச் சொல்லும் நாமும் நினைவிற்கொள்ளத்தக்க விடை அந்தப் பெண்மணி பெற்ற விடை.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. மறு ஆண்டே 5 பவுண் 18 ஷில்லிங் கடனுக்காகக் கைது செய்யப்பட்டு, நாவலாசிரியர் ரிச்சட்சன் அனுப்பிய ஆறு கினியால் மீண்டார். 1759 இல் தாயார் இறந்தபோது, இறுதிச் சடங்குச் செலவுக்காக ஒரு வார மாலைப் பொழுதுகளில் 'ரஸலாஸ்' என்னும் கதையை எழுதினார். 1762 இல் அரசர் ஆண்டுக்கு 300 பவுண் உதவிப் பணம் அளித்த பின்னரே வறுமை நீங்கியது. அகராதியில் அத்தகைய உதவிப் பணத்தைக் கேலி செய்து பொருள் எழுதியிருந்தவர் அவரே என்பதால் நண்பர்களின் நகைப்புக்கும் ஆளானார். மறு ஆண்டு பொஸ்வெல் என்னும் இளைஞர் அவரைச் சந்தித்தார். அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றினாலேயே ஜோன்சனின் ஒவ்வொரு பழக்கமும் எமக்குத் தெரிய வந்தது. அளவின்றித் தேநீர் அருந்துவார். (அந்நாளில் இலங்கையில் தேயிலைத் தோட்டம் இல்லை, சீனத் தேயிலைதான்.) நண்பகல் வரை உறங்குவார், பின்னர் தம் சோம்பலுக்காகத் தம்மையே கடிந்துகொள்வார். வேலைக்காரர் வெறுக்கக்கூடாதென்று, பூனைக்குச் சிப்பி வாங்கத் தாமே கடைக்குச் செல்வார்.

அவர் வீடு ஆதரவற்றோரின் இல்லமாயிருந்தது. கண் பார்வையற்ற அன்னா வில்லியம்ஸ் அம்மையார், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ராபர்ட் லெவெட் ஆகியோர் அங்கேயே வாழ்ந்தனர். யமெய்க்காவில் அடிமையாகப் பிறந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட பிரான்சிஸ் பார்பர், 1752 இற் சிறுவனாக அவ்வீட்டுக்கு வந்தார். ஜோன்சன் அவரைத் தம் செலவிற் பாடசாலைக்கு அனுப்பி ஆங்கிலமும் இலத்தீனும் பயில வைத்தார். தம் சொத்தின் பெரும் பகுதியையும் அவருக்கே எழுதி வைத்தார். அந்நாளைய இலண்டன் இதனைக் கண்டு முகம் சுளித்தது.

1783 யூன் மாதத்தில் ஓரிரவு பாரிசவாதம் தாக்கி அவருடைய பேச்சு அடைபட்டது. அறிவு கலங்கிவிட்டதோ என்று அஞ்சிய அவர், படுக்கையிலேயே இலத்தீனில் ஒரு பிரார்த்தனைச் செய்யுள் இயற்றிப் பார்த்தார். செய்யுள் சிறப்பாக அமையவில்லை என்பதைத் தம்மால் உணர முடிந்ததால், அறிவு நலமாகவே இருக்கின்றது என்று ஆறுதல் அடைந்தாராம். பேச்சு மீண்டது. 1784 திசெம்பர் 13 ஆம் திகதி காலமாகி, வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதே 1784 இல், இறப்பதற்குச் சற்று முன், லிச்ஃபீல்ட் சென்றிருந்த ஜோன்சன் இளம் மதகுரு ஒருவரிடம் ஒரு செய்தியைக் கூறினார். தந்தையோடு யூட்டொக்சிட்டர் சந்தைக்குப் போக மறுத்த நாள் அவருள்ளத்தை விட்டு நீங்கவே இல்லை. அதற்குக் காரணம் தமது செருக்கே என்று ஒப்புக்கொண்டார். ஆகவே சில ஆண்டுகளுக்கு முன், கடும் மழை பெய்த ஒருநாள், தனியே யூட்டொக்சிட்டருக்குச் சென்றார். அப்போது அவர் நாடறிந்த டொக்டர் ஜோன்சன்; மறுத்த நாளிலிருந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. தந்தையாரின் கடை இருந்த அந்த இடத்தைத் தேடிக் கண்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, வெறுந்தலையோடு மழையில் நெடுநேரம் நின்றார். அந்நிகழ்ச்சியைக் காட்டும் கற்சிற்பம் ஒன்று இன்றும் அச்சந்தைச் சதுக்கத்தில் இருக்கின்றது.